தாளத்தில் உட்கார்ந்த பேர்

என் ருக்மணியின் ஒரே தம்பிக்கு, சுற்றுவட்டாரத்து அம்மன்களுக்கெல்லாம் ஒரே தொண்டையால் பாடிய என் மாப்பிள்ளை மாதேஷுக்கு,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். "செத்தவன்கிட்ட கேக்கற கேள்வியா மாமா இது?" என்பாய். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் வைத்தவனுக்குத் தெரிந்த கடிதம் இப்படித்தான் தொடங்கும், பொறுத்துக்கொள். நாங்கள் இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. பாதி நலம் என்று வைத்துக்கொள். என் வலது பக்கம் நலம். இடது காது போய்விட்டது. ஸ்டீரியோவில் பிறந்தவன் மோனோவில் வாழ்கிறேன்.

நாளைக்கு தர்மபுரி கோர்ட்டில் உன் குரலைப் போடப்போகிறார்கள். நான் கூண்டில் நின்று அதைக் கேட்டு, இது இன்னார் குரல், இது இன்னார் குரல் என்று சொல்ல வேண்டும். ஒற்றைக் காது சவுண்ட் என்ஜினியரின் பேச்சை ஜட்ஜ் நம்புவாரா? தெரியவில்லை. அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உனக்குத் தெரிந்த சங்கதியையே மறுபடி சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. இதை வேறு நாலு பேரும் படிப்பார்கள்.

அவர்களுக்காகச் சொல்கிறேன். நல்லம்பள்ளியில், அந்தோணி அண்ணனின் டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது நம் ஸ்டுடியோ. பெயர்தான் ஸ்டுடியோ. ஓர் அறையில் நான், நடுவில் கண்ணாடி, அந்தப் பக்கம் முட்டை அட்டையும் பழைய மெத்தையும் ஒட்டிய அறையில் பாடுகிறவர். காய்கறி வண்டிக்கு அறிவிப்பு, காதுகுத்துக்குப் பாட்டு, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் ஓட்டு கேட்கும் குரல், அது முடிந்ததும் மறுபடி அம்மன் பாட்டு. எல்லாக் கட்சிக்கும் நீதான் குரல். "காலைல இவருக்குப் போடுங்கன்னு கெஞ்சறன், மத்தியானம் அவருக்குப் போடுங்கன்னு கெஞ்சறன், சாயந்தரம் நான் யாருக்கு மாமா போடறது?" என்று கேட்பாய்.

வாடிக்கையாளர் மயங்குவதற்கென்று என் மேசையில் ஒரு பெரிய மிக்சர் இருந்தது. நிறைய திருகு, நிறைய விளக்கு. அது செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. விளக்கு மட்டும் எரியும். திருகு இல்லாத ஸ்டுடியோவை யார் மதிக்கிறார்கள்? உண்மையில் வேலை செய்த கம்ப்யூட்டர் பெட்டி, பக்கத்து பாத்ரூமில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் காற்றாடிச் சத்தம் மைக்கில் விழுகிறது என்று நான்தான் அதை அங்கே குடிவைத்தேன். கம்பியெல்லாம் சுவரில் போட்ட ஓட்டை வழியாகப் போகும். மேசையில் திரையும் மவுஸும் மட்டும் இருக்கும்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கீழே அந்தோணி அண்ணன் கம்ப்ரசரை ஓட்டினால் நம் தரையே உறுமும். அதனால், ரெக்கார்டிங் தொடங்கும்போது நான் குதிகாலால் தரையை மிதிப்பேன். அவர் உடனே கம்ப்ரசரை அணைப்பார், வந்த லாரிக்காரர்களிடம் "மேல பாட்டு புடிக்கறாங்க, செத்த சும்மா இருங்கப்பா" என்பார். பாவம், எத்தனை டிரைவர்கள் நம் மாரியம்மனுக்காக வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்!

அந்த எட்டிமரத்துக்கொட்டாய் ஊர்த் திருவிழாப் பாட்டுக்கு வருகிறேன். திருவிழாப் பாட்டில் கடைசிச் சரணம் பேர் பாடுவதற்கு என்று ஒதுக்கியிருக்கும். திருவிழாவைத் தலைமேல் போட்டுக்கொண்டு நடத்துகிறவர்களின் பேரை ஊர்ப்பேர், அப்பா பேர், அப்புறம் அவர் பேர் என்ற வரிசையில் நீ பாடுவாய். அம்மனைப் பற்றிய வரிகளில் ஒரு பிழை இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பேர் வரியில் மட்டும் எல்லாருக்கும் சங்கீத ஞானம் வந்துவிடும்.

அந்த ஊரில் இரண்டு பங்காளிகள். மூத்தவர் பெருமாள். இளையவன் சென்னகேசவன். மூத்தவர் பேர்தான் வழக்கமாக முதலில் வரும். அந்த வருடம் கோயில் கோபுரத்துக்கு வண்ணம் அடித்தது சென்னகேசவன். காலையிலேயே நாலு ஆளோடு மாடி ஏறி வந்துவிட்டான்.

"பாட்டுக்காரரே, எம்பேரு மொதல்ல வரணும். ஊரே கேக்கணும்" என்றான்.

நீ கண்ணை மூடி, தொடையில் தட்டிப் பாடிப் பார்த்தாய். நிஜமாகவே பாடிப் பார்த்தாய். நான் சாட்சி. பிறகு சொன்னாய்: "அண்ணா, பெருமாள்னா டக்குனு ஒக்காந்துக்குதுங்க. உங்க பேரு கொஞ்சம் நீளமுங்க. முன்னால வச்சா தாளம் நொண்டுதுங்க."

அவ்வளவுதான். ஒரு பாட்டுக்காரன் மெட்டைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை. ஆனால் அவனோடு வந்த ஆட்களில் ஒருவன் பக்கென்று சிரித்துவிட்டான். "அண்ணன் பேரு நொண்டிப் பேராம்டா!"

சென்னகேசவன் சிரிக்கவில்லை. "எம்பேரு நொண்டியா? எம்பேரா நொண்டி?" என்று உன்னை இரண்டு தடவை கேட்டான். நீயோ, "பேரு இல்லீங்கணா, தாளமுங்க" என்று பொறுமையாகப் பாடம் நடத்தினாய். அவன் ஆட்களோடு இறங்கிப் போனான். நாம் தக்காளிச் சோறு சாப்பிட்டோம். நீ என் டப்பாவிலிருந்த அப்பளத்தையும் எடுத்துத் தின்றாய்.

சாப்பிட்ட கையோடு பேர் வரியை எடுத்துவிடலாம் என்று நீ உள்ளே போய் ஹெட்போனை மாட்டினாய். நான் பதிவை ஓடவிட்டேன். தாளத்துக்கான டிக் டிக் உன் காதில் ஓடத் தொடங்கியது. கீழே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. நான் தரையை மிதிக்கக் காலைத் தூக்கினேன். மிதிப்பதற்குள் கதவு திறந்தது. சென்னகேசவனும் இன்னும் இரண்டு பேரும். அவன் கையில் கொடுவாள்.

ஒருவன் என் கழுத்தைப் பிடித்து நாற்காலியோடு சுவரில் அழுத்தினான். நான் கத்தினேன். முட்டை அட்டையும் மெத்தையும் என் சத்தத்தைத் தின்றுவிட்டன. வெளிச்சத்தம் வராமலிருக்க நானே பார்த்துப் பார்த்து ஒட்டியவை. நீ முதுகைக் காட்டி, கண்ணை மூடி, காதை மூடிப் பாடிக்கொண்டிருந்தாய். உள்கதவு திறந்ததே உனக்குத் தெரியாது.

முதல் வெட்டு உன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. திரையில் உன் குரலின் பச்சைக் கோடு ஒரே தாவலில் சிவப்பைத் தொட்டது. சிவப்பைக் கண்டால் கை தானாகப் போய் ஒலியளவைக் குறைக்கும், உனக்குத் தெரியும். கழுத்து நெரிபடும்போதும் என் கை மவுஸைத் தேடியது மாப்ள. தொழில் அப்படிப்பட்ட நாய்.

நீ திரும்பினாய். கையை நீட்டி வாளையே பிடித்தாய். இரண்டாவது இழுப்பில் உன் விரல்கள் என்ன ஆயின என்று உன் அக்காவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. கண்ணாடியில் ரத்தம் விசிறியடித்தது. எனக்கு என்ன வந்ததோ, பிடித்தவனின் கையைக் கடித்துவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். கொடுவாளுக்கு எதிராகப் பிளாஸ்டிக் ஸ்டூல்! அதிலும் கால் ஆடுகிற ஸ்டூல். ஓங்கி அடித்தேன். அவன் முதுகில் பட்டு ஸ்டூல்தான் உடைந்தது. அடுத்த நொடி மைக் ஸ்டாண்டின் இரும்பு அடிப்பாகம் என் இடது காதில் இறங்கியது. பிறகு வயிற்றில், முழங்காலில். மூன்று பேரும் மாறி மாறி மிதித்தார்கள். உன்னையும் மிதித்தார்கள். தரை திம் திம்மென்று அதிர்ந்தது.

கீழே அந்தோணி அண்ணன் கம்ப்ரசரை அணைத்தார்.

அவருக்கு அது என் குதிகால். "மேல பாட்டு புடிக்கறாங்கப்பா" என்று லாரிக்காரர்களை அடக்கினார். ஒரு ஆள் டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூடப் பயந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றானாம். நாம் சாகிற சத்தத்துக்கு ஒரு தெருவே மரியாதையாக அமைதி காத்தது.

அவர்கள் போகும்முன் சாட்சியையும் கொன்றுவிட்டுப் போக நினைத்தார்கள். அவர்கள் கணக்கில் சாட்சி நானில்லை, செத்த மிக்சர்தான்! சென்னகேசவன் அந்த விளக்குகளைக் காட்டி, "எல்லாம் இதுலதான்டா பதிவாவுது, ஒட" என்றான். ஏற்கெனவே செத்ததை இன்னொரு தடவை கொன்றார்கள். திரையை உடைத்தார்கள். ஸ்பீக்கரைக் குத்திக் கிழித்தார்கள். பாத்ரூம் கதவைத் திறந்து பார்க்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அவர்கள் இறங்கிப் போனபின், ஸ்டாண்டோடு தரையில் விழுந்த மைக்குக்குப் பக்கத்தில் நீ கிடந்தாய். ஹெட்போன் கழன்று தரையில் கிடந்தது. நான் கதவோரம் கிடந்தேன். என் தலைக்குள் ஆயிரம் சில்வண்டு. நீ முழங்கையை ஊன்றி ஊர்ந்து, மைக்குக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாய். உன் உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று கையைக் காட்டினேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. மறுபடி உதடு அசைந்தது. பிறகு அசையவில்லை.

போலீஸ் வந்தபோது ஒரு ஏட்டு கை கழுவ பாத்ரூமுக்குப் போனார். "யோவ், கக்கூசுல எதுக்குய்யா கம்ப்யூட்டரு?" என்று அங்கிருந்தே கத்தினார். ரத்தத்தில் கிடந்த நான், "ஃபேன் சத்தம் சார், மைக்குல வுழும்" என்றேனாம். அப்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. ஏட்டின் கேள்வியும் பதிவாகியிருக்கிறது.

இனி உனக்குத் தெரியாத சேதிகள்.

அந்தப் பங்காளிகள் இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள். யார் பேர் முன்னால் என்று உன்னை வெட்டக் காரணமானவர்கள், இப்போது ஒரே இலையில் சாப்பிடாத குறை. டீக்கடையில் சென்னகேசவனை ரத்தச் சட்டையோடு பார்த்ததாகச் சொன்ன பெருமாள், கோர்ட்டில் அன்றைக்குத் தனக்குக் கண்வலி என்றுவிட்டார். சிரித்தானே அந்த ஆள், அவன் மாடிக்கே வரவில்லையாம். சென்னகேசவன் அன்று பெங்களூரில் இருந்தானாம். அந்தோணி அண்ணன் மட்டும் சொன்னது மாறவில்லை. ஆனால் லாரிக்கடியில் படுத்துக்கொண்டு அவர் பார்த்தது படியேறிய செருப்புகளைத்தான். செருப்புக்கு யார் பேர் வைத்திருக்கிறார்கள்? மிச்சம் நான் ஒருவன். எனக்கு மண்டையில் அடி, புத்தி கலங்கிவிட்டது, நான் பார்த்ததாகச் சொல்வதெல்லாம் பிரமை என்கிறார் அவர்கள் வக்கீல். அதனால்தான் எல்லாம் இப்போது அந்தப் பதிவின் தலையில் நிற்கிறது.

ஜாமீனில் வந்த சென்னகேசவனை ஒருநாள் தொப்பூரில், ரோட்டோர ஹோட்டலில் பார்த்தேன். ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு சேலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். புரோட்டாவைப் பிய்த்து வாயில் வைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தோளில் கை போட்டு, என் காதில் வாயை வைத்து ரொம்ப நேரம் ஏதோ சொன்னான். முகத்தைப் பார்த்தால் ரொம்ப நாளாக யோசித்து வைத்த பேச்சு மாதிரி தெரிந்தது. முடித்துவிட்டு என்னையே பார்த்தான்.

"அது போன காதுங்க. இந்தப் பக்கம் வந்து மொதல்லருந்து சொல்லுங்க" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை மாப்ள, நிஜமாகவே கேட்கவில்லை. புரோட்டா மாஸ்டர் சிரித்துவிட்டார். இவன் வாழ்க்கையில் எப்போதும் பக்கத்தில் ஒருவன் சிரித்துத் தொலைக்கிறான்! சென்னகேசவன் என் பிடரியைப் பிடித்து முகத்தைச் சால்னாவில் அமுக்கினான். தட்டு உடைந்து நெற்றி கிழிந்தது. கண்ணெல்லாம் மிளகாய். நான் தண்ணீர் ஜக்கைத் தடவி எடுத்து, குருட்டாம்போக்கில் வீசினேன். அவன் மூக்கில் பட்டது. எலும்பு நொறுங்கியது என் நல்ல காதுக்குத் துல்லியமாகக் கேட்டது. அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. இன்னொன்று, இன்னொன்று என்று கை கேட்டது. லாரிக்காரர்கள் பிடித்து இழுத்திருக்காவிட்டால், இந்தக் கடிதத்தை நான் ஜெயிலிலிருந்துதான் எழுதியிருப்பேன்.

இழுக்கும்போது அவன் கத்தினான், இந்தத் தடவை நல்ல காதில்: "உம்பொண்ணு காலேஜ் பஸ்ஸுக்கு எங்க நிக்கறான்னு தெரியும்டா!"

வீட்டுக்கு வந்து, கோர்ட்டுக்குப் போகவில்லை என்று முடிவெடுத்தேன். உன் அக்கா என் நெற்றிக்கு மஞ்சள் வைத்தாள். உன் மருமகள் பவித்ராதான் பேசினாள்.

"அப்பா, உங்களுக்குக் காது ஒன்னுதான போச்சு? வாய் இருக்குதில்ல?"

"வாய வச்சுகிட்டு உன்ன எழக்கச் சொல்றியா?"

"நான் வேற ஸ்டாப்புல நின்னுக்கறன். அந்தோணி பெரியப்பா தெனம் கொண்டாந்து வுடறன்னாரு. நீங்க ஒங்க வேலயப் பாருங்க. சவுண்டுதான ஒங்க வேல?"

மாமனுக்கேற்ற மருமகள். இந்த வாயை எவன் கட்டிக்கொண்டு மாரடிக்கப் போகிறானோ.

போன வாரம் அரசு வக்கீலம்மா பதிவைக் கேட்டுச் சரிபார்க்கக் கூப்பிட்டார். நான் தனியாகக் கிளம்பினேன். ருக்மணி சேலையை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீ வேண்டாம், தாங்கமாட்ட" என்றேன்.

"கோர்ட்டுல ஊரே கேக்கப் போவுது. அவன தூக்கி வளத்தவ நான் கேக்கக் கூடாதா? கடைசியா என்னதான் சொன்னான்னு இத்தன நாளா உங்க மொகத்தப் பாத்துக்கிட்டிருக்கறன்."

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? அக்கா என்றிருப்பாய், தண்ணி என்றிருப்பாய் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வக்கீலம்மா ஓடவிட்டார். உன் பாட்டு, கம்ப்ரசர் உறுமல், கதவு, உன் அலறல். ருக்மணி என் கையில் நகத்தைப் பதித்தாள். மிதிக்கிற சத்தம். சட்டென்று கம்ப்ரசர் நின்றது. அதற்கப்புறம் எவ்வளவு சுத்தமான பதிவு மாப்ள! இந்த ஸ்டுடியோவில் நான் எடுத்ததிலேயே சுத்தமானது அதுதான். உடைகிற சத்தம், "இதுலதான்டா பதிவாவுது" என்ற அவன் குரல், படியிறங்கும் செருப்பு. பிறகு மூச்சு மட்டும். மைக்குக்குப் பக்கத்தில் கழன்று கிடந்த ஹெட்போனிலிருந்து தாளத்தின் டிக் டிக் சன்னமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்போது நீ பேசினாய். அக்கா என்று இல்லை. தண்ணி என்று இல்லை.

"எட்டிமரத்துக்கொட்டாய்… முனுசாமி மவன்… சென்னகேசவன்."

ஊர்ப்பேர், அப்பன் பேர், அவன் பேர். வழக்கமான வரிசை. ஒரு தடவை சொல்லிவிட்டு, சரியாக விழவில்லை என்று நினைத்தாயோ என்னவோ, மூச்சை இழுத்து இன்னொரு டேக் எடுத்தாய். இரண்டாவது தடவை ஒவ்வொரு துண்டும் அந்த டிக்கின் மேல் போய் உட்கார்ந்தது. இத்தனை வருடம் தாளம் பார்த்த காது, ஒன்று போனாலும் இன்னொன்று பொய் சொல்லாது. நொண்டவில்லை மாப்ள. ஓர் இம்மிகூட நொண்டவில்லை.

பெட்டி பாத்ரூமில் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தானே? அவன் மிக்சரை உடைக்கும்போது, அங்கே கிடந்துகொண்டு நீ உள்ளுக்குள் சிரித்தாயா?

ருக்மணி அழுவாள் என்று பார்த்தேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டு வக்கீலம்மாவிடம் சொன்னாள்: "பயந்து பேசலீங்க எந்தம்பி. ரேசன் கடையில பேரு கூப்புடற மாதிரி கூப்புட்டிருக்கான்." பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். இடது பக்கத் தோள். அவள் என்ன சொல்லி அழுதாள் என்று எனக்குக் கேட்கவில்லை. என்னவென்று அவளைக் கேட்கவும் இல்லை.

ஸ்டுடியோ மறுபடி ஓடுகிறது. ஒரு அண்ணன் வந்து, "திருகு நெறையா இருந்துச்சே, எங்கய்யா?" என்று கேட்டார். கண்ணாடியை மாற்றினேன். உன் அறையின் மெத்தைகளை எரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். நான் தரையை மிதித்தால் இப்போது அந்தோணி அண்ணன் கம்ப்ரசரை அணைப்பதில்லை. கையில் ஜாக்கிக் கம்பியோடு மூச்சிரைக்க மேலே ஓடிவந்து, கதவைத் திறந்து, "பாட்டுத்தானப்பா?" என்கிறார். "பாட்டுத்தாண்ணா" என்றால், இறங்கிப் போய் அப்புறம்தான் அணைக்கிறார். ஒவ்வொரு டேக்குக்கும் இதே கூத்து. முழங்கால் வலிக்கிற மனிதர். வேண்டாம் என்று சொன்னால் கேட்பதில்லை.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நாளைக்கு அவன் எனக்கு நேராக நிற்பான். அவன் ஆட்கள் பெஞ்சு நிறைய இருப்பார்கள். வக்கீல் என் செத்த காதைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பார். கேட்கட்டும். நல்ல காதைப் பதிவின் பக்கம் திருப்பி நிற்பேன்.

உனக்கு நான் தரும் வாக்கு இது. அது யார் பேர் என்று ஜட்ஜ் கேட்கும்போது, நீ சொன்ன அதே வரிசையில், அதே தாளத்தில் சொல்வேன். ஊரைச் சொல்லி, அப்பனைச் சொல்லி, அவனைச் சொல்வேன். அவன் காலையில் மாடி ஏறி வந்து கேட்டதும் அதுதானே? அவன் பேர் முதலில் வர வேண்டும், ஊரே கேட்க வேண்டும். கேட்கும்.

உன் அக்காவைக் கட்டியவன்,
உன் கடைசிப் பேர் வரியைச் சுமந்து கூண்டேறப் போகும்
உன் ஒற்றைக் காது மாமா